வரைபடத்தில் அக்காவின் ஊர்

என் வேலை என்னவென்று அக்காவுக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்த ஊரில் காய்ச்சல் வரும் என்பதை வருவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வது என்றேன். அவள் மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே, "அதுக்கு எதுக்குடி தெனமும் விழுப்புரம் வரைக்கும் ரயில்ல போற? நம்ம பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தரு கிளி வெச்சிக்கினு உக்காந்திருக்காரு. அவர கேட்டா சொல்லிடப் போறாரு" என்றாள். அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திண்டிவனத்தில் எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மட்டும்தான். இந்த வேலைக்கு முன்பு நான் சென்னையில் ஒரு கம்பெனியில் சில ஆண்டுகள் இருந்தேன். அடுத்த மாதம் எந்தக் கடையில் எந்தப் புடவை விற்கும் என்று கணிக்கிற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி முற்றி எழுந்து நடக்கவே சிரமமானதும் வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். புடவைக்குப் பதில் காய்ச்சல். கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நேர்காணலில் சொன்னேன். அவர்களும் சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது உண்ணிக் காய்ச்சல். உண்ணி என்றதும் மாட்டின் காதில் கொழுத்துத் தொங்குமே, அதை நினைக்க வேண்டாம். இது புதரிலும் புல்லிலும் இருக்கிற, எலிகளை ஒட்டிப் பெருகுகிற ஒரு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத அளவு. கடித்தால் வலிக்காது. உடம்பில் துணி இறுகிப் பிடிக்கிற இடமாகத் தேடிப்போய்க் கடிக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு அடியில். கடித்த இடம் சில நாளில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்துப் பொருக்குத் தட்டும். அப்புறம் காய்ச்சல் வரும். அந்தக் கறுப்பு கண்ணில் பட்டால் போதும், பெரும்பாலும் நோய் பிடிபட்டுவிடும். அதற்கான மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். வெறும் காய்ச்சல்தானே என்று விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று உள்ளே பரவும்.

மழையின் அளவு, மண்ணின் ஈரம், செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற புதர்க்காடு, எந்த நிலத்தில் என்ன பயிர், முந்தைய ஆண்டுகளில் எந்தெந்த ஊரில் இந்தக் காய்ச்சல் வந்தது, இந்த வாரம் எந்தச் சுகாதார நிலையத்துக்கு எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தார்கள் என்று எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்துப் பழக்குவோம். நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினால், இனி நடக்கப்போவதை அது ஊகிக்கத் தொடங்கும். திங்கள்கிழமை காலையில் மாவட்ட வரைபடம் திரையில் விரியும். ஊர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஏறி நிற்கும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வல்லத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில். மாமாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டையும் கேப்பையும் போடுவார்கள். ஒரு கறவை மாடு இருந்தது. அக்காவைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் உதைக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். மாமாவின் அப்பா அவர்களோடுதான் இருந்தார். அவருக்குக் காது மந்தம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, படத்தில் புதர் என்று தெரிவது உண்மையிலேயே புதர்தானா என்று நேரில் போய்ப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வல்லம் பக்கத்து ஊர்களுக்கு அக்கா வீட்டில் தங்கிக்கொண்டுதான் போனேன். அவளும் கூடவே வந்தாள். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தாள். நான் கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, "இது புதரு, போட்டுக்கோ. இது எங்க பங்காளி கருவேலங் காடு, அதையும் போட்டுக்கோ" என்பாள். வழியில் யாராவது எதிர்ப்பட்டால், "என் தங்கச்சி. காய்ச்சலுக்கு மேப்பு போடுறா" என்று சொல்லுவாள். கேலியாகத்தான் சொல்லுவாள். ஆனால் ஒருவரையும் விடாமல் சொல்லுவாள்.

அன்று சாயங்காலம், "எங்க ஊரு எந்தக் கலருடி?" என்று கேட்டாள்.

"செவப்புக்கா."

"அடிப்பாவி. சொந்த அக்கா ஊருக்கே செவப்பு அடிச்சிட்டியா? கொஞ்சம் பச்சையா மாத்தி உடேன்."

"நான் எங்கக்கா அடிக்கிறேன். அதுவா போடுது. நீ புல்லு அறுத்துட்டு வந்தியானா ஒடம்ப ஒரு தடவ நல்லா பாத்துக்க. அக்குளு, மாருக்குக் கீழ எல்லாம்."

அவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "போடி, அசிங்கம் புடிச்சவளே."

அந்த ஆண்டு அவர்கள் ஊரில் ஒன்றிரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து சரியானது. அடுத்த ஆண்டு மழை அதிகம். ஐப்பசி மழை ஓய்ந்த வாரத்தில் வரைபடம் மாறியது. வல்லத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அக்காவின் ஊர் எல்லாவற்றையும்விட அடர்ந்த சிவப்பு. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். சுகாதார நிலையங்களுக்குத் தகவல் போனது. காய்ச்சலோடு வருகிறவர்களிடம் கறுத்த புண் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி டாக்டர்களுக்கும் செய்தி போனது. ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். எதிலும் குறை வைக்கவில்லை.

அன்றே அக்காவுக்குப் பேசினேன். அவள் எப்போதும் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு வேலை செய்துகொண்டே பேசுவாள்.

"அக்கா, உங்க ஊரு மறுபடியும் செவப்பு. கழனிக்குப் போய்ட்டு வந்தா ஒடனே குளிச்சிடு. அந்தத் துணிய கொடியில போடாத, ஊற வெச்சிடு."

"சரிங்க டாக்டரம்மா."

"வெளையாடாதக்கா. காய்ச்சல் வந்தா மொதல்ல எனக்குப் போன் பண்ணு."

"காய்ச்சல் வந்தா கசாயம் வெச்சிக் குடிப்பனா, உனக்குப் போன் பண்ணிக்கினு இருப்பனா?"

கொஞ்ச நாள் கழித்து, "அவ கொரலு ஒரு மாதிரி இருக்குதுடி. நீ பேசிப் பாரு" என்றாள் அம்மா. உடனே பேசினேன். பின்னால் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் அப்பா இருமுவதும் கேட்டது.

"காய்ச்சலாக்கா?"

"லேசாத்தான்டி. மழையில நனைஞ்சிக்கினு புல்லு அறுத்தேன், அதான்."

"ஒடம்புல எங்கயாச்சும் கறுப்பா புண்ணு மாதிரி இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நல்லா பாத்தியா? அக்குள்ள, மாருக்குக் கீழ..."

"ஏய்! ஸ்பீக்கர்ல இருக்குதுடி!" என்றவள், சிரித்துக்கொண்டே போனை அணைத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரிக்கிறவளுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனது கேட்காமல் மறுநாள் சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தது மாமா.

"டாக்டருகிட்ட கூட்டிக்கினு போய் ஊசி போட்டுக்கினு வந்துட்டம்மா. டைபாய்டா இருக்கும்னு சொல்றாரு. நீ பேஜாரு ஆவாத."

"மாமா, அவருகிட்ட உண்ணிக் காய்ச்சலப் பத்தி சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. நோட்டீசு பாத்திருக்காரு போல, அவரே கேட்டாரு, புண்ணு கிண்ணு இருக்குதான்னு. இவ இல்லன்னுட்டா."

ஊசிக்குக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் அவளே பேசினாள். நாக்கு கசக்கிறது, ஊறுகாய் வேண்டும் என்றாள். அம்மா எலுமிச்சை ஊறுகாயை ஒரு பாட்டிலில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். ஞாயிறு காலையில் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். அவர் அப்படிப் பதறி நான் கேட்டதே இல்லை. "மூச்சு வாங்குதும்மா. உக்கார வெச்சாலும் வாங்குது. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். நீ ஜல்தி வா."

மயிலம் வழியாக வருகிறார்கள் என்றார். அந்த வண்டி கூட்டேரிப்பட்டில்தான் நெடுஞ்சாலை ஏறும். நான் விழுப்புரம் போகிற பேருந்தைப் பிடித்து அங்கே இறங்கிக் காத்திருந்தேன். பரபரப்பான கூட்டுரோடு. பரோட்டாக் கடையில் மாவு அடிக்கிற சத்தம், பழக்கடைக்காரர் கூவுகிற சத்தம், மயிலம் கோயிலுக்குப் போகிற கூட்டம். கடைக்காரர் ஒருவர், "யாருக்குமா காத்துக்கினு இருக்க, டீ சாப்புடுறியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சைரன் கேட்டது. நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன். வண்டி நின்றது.

அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண் மஞ்சளித்து முகம் வீங்கியிருந்தது. நான் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. வண்டியில் இருந்த நர்ஸ் நெஞ்சில் ஒயர் ஒட்டுவதற்காக அவளுடைய ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்தியவர். அந்த நேரத்திலும், வேறு ஆட்கள் இருக்கிற இடத்தில் அவள் உடம்பைப் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டார்.

நான் பார்த்தேன். இடது மார்புக்கு அடியில், ரவிக்கை விளிம்பு படுகிற இடத்தில், புளியங்கொட்டையில் பாதி அளவு. கறுப்பு. சுற்றிலும் சிவந்திருந்தது. எத்தனையோ மாதமாகப் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய வடு. அலுவலகத்தில் அதைக் காட்டித்தான் ஊழியர்களுக்குப் பாடம் நடத்துவோம்.

நர்சிடம், "உண்ணிக் காய்ச்சல்ங்க. இங்க பாருங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு உடனே போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "இதுவாடி?" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "இது ரவிக்கை ஒரசி வந்ததுன்னு நெனச்சேன்."

"பரவால்லக்கா. கண்டுபுடிச்சாச்சு. இப்ப மருந்து போட்டா சரியாயிடும்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை நம்பினாள். நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கவே வைக்கவில்லை. போனதும் மருந்தை ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைத்தது. மறுநாள் காலையில் என்னை உள்ளே விட்டபோது கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஊறுகாய் எங்கே என்று கேட்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டினாங்களான்னு கேளு. அது யாரையும் கிட்ட சேக்காது" என்றாள். வெளியே வந்து மாமாவிடம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தூரத்தில் நின்று வாளியைத் தள்ளிவிட்டு வந்ததாகச் சொன்னார். அதைப் போய் அவளிடம் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று மதியமே மூச்சுக்குழாய் வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு முற்பகலில் இறந்தாள்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். வெளியே வந்து, "மாத்திரைக்குக் கேக்கற நோய்தாங்க இது. கொஞ்சம் முன்னாடி மட்டும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"தங்கச்சி."

அதற்கு மேல் என்னைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அம்மாவை அக்காவின் ஊருக்குக் கூட்டிப்போனோம். முட்டி மடக்க முடியாதவள், நாற்காலி போட்டும் உட்காராமல், அக்காவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு கேட்டாள்.

"நீ கம்ப்யூட்டர்ல பாத்தியே. அதுல இவ பேரு இருந்துதாடி?"

"பேரெல்லாம் வராதும்மா. ஊருதான் வரும்."

"ஊரு வந்துதா?"

"வந்துதும்மா."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

காரியத்தன்று, பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மாமா என்னிடம் வந்தார். அவர் அதட்டிப் பேசுகிற மனிதர் இல்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "முன்னாடியே தெரிஞ்சும் இப்படி ஆயிப்போச்சே. இனிமே தெரிஞ்சி இன்னா, தெரியாட்டி இன்னா" என்றார். என்னைக் குற்றம் சொல்கிறாரா, தன்னையே சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேருந்து ஏறி வந்துவிட்டேன். அதன்பிறகு பொங்கலுக்கும் அவர் வரவில்லை, நாங்களும் போகவில்லை.

வேலைக்குத் திரும்பிய வாரம் சென்னையிலிருந்து திட்டத் தலைவர் வீடியோவில் பேசினார். நல்ல மனிதர். நான் சொந்தத்தில் ஒரு சாவு என்று விடுப்பு எடுத்தது அவருக்குத் தெரியும். எதில் இறந்தாள் என்பது தெரியாது. திரையில் வரைபடத்தைக் காட்டி, "பாருங்க, நாம சிவப்பு காட்டின இடத்துலதான் வந்திருக்கு. வல்லம் பக்கம் அப்படியே பொருந்துது. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்காருகிற தோழி சட்டென்று எழுந்து மைக்கை அணைத்துவிட்டு, தன் கைப்பேசியிலிருந்து அவருக்கு ஏதோ செய்தி அனுப்பினாள். திரையில் அவர் தலையைக் குனிந்து அதைப் படிப்பது தெரிந்தது. நிமிரவில்லை. கூட்டம் அதோடு முடிந்தது.

சாயங்காலம் தனியாக என்னைக் கூப்பிட்டார். "அந்த ஒரு பதிவை மட்டும் நீங்க தொட வேண்டாம்மா. வேற யாராவது ஏத்தட்டும். இல்ல, விட்டுட்டாக்கூடப் பரவாயில்ல" என்றார்.

"விடக் கூடாது சார்" என்றேன். "அது நடந்தது."

நானே ஏற்றினேன். வயது. பெண். ஊர். தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று போட்டேன். வடு இருந்ததா, ஆம். இருந்த இடம், மார்பு. சிகிச்சை தொடங்கியது, தாமதம். முடிவு. அடுத்த மழைக்கு இயந்திரம் கற்றுக்கொள்ளப்போகிற பாடங்களில் என் அக்காவும் சேர்ந்துவிட்டாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தோழி வெளியில் நின்று, உள்ளே வர வந்தவர்களை மாடிக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. மழை தெரிகிறது, புதர் தெரிகிறது, எலி எங்கே பெருகும் என்பதுகூடத் தெரிகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்பது எந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியும்? தலைவரிடம் கேட்டேன். அவர், "அதை எப்படிம்மா அளக்கிறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அறிவிப்பின் வாசகத்தை மட்டும் மாற்ற முடிந்தது. 'காய்ச்சல் என்றால் டாக்டரிடம் செல்லுங்கள்' என்பதற்கு மேலே, 'பெண்கள் ரவிக்கைக்கு அடியிலும் பாருங்கள், நர்சிடம் தனியாகக் காட்டுங்கள்' என்று சேர்த்தோம். அச்சடிக்கக் கொடுத்த இடத்தில் ஒருவர், இது கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறதே, மாற்றிவிடலாமா என்று போனில் கேட்டார். மாற்ற வேண்டாம் என்றேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் ரயிலில் இருந்தபோது மாமா கூப்பிட்டார். ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து அவர் குரலைக் கேட்டேன்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா."

"எங்க ஊரு இந்த வருசம் எப்படி இருக்குது?"

"செவப்புதான் மாமா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வர்றியா? பொம்பளைங்கள வரச் சொல்லியிருக்கேன். நீ சொன்னா கேப்பாங்க. நான் எப்படிம்மா அதச் சொல்றது?"

போனேன். அவர் வீட்டுக்குப் போனதும் முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். முன்பு அங்கே கீற்றால் கட்டிய மறைப்புதான் இருந்தது. மேலே கூரை கிடையாது, கதவுக்குப் பதில் ஒரு பழைய புடவை தொங்கும். அக்கா உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஆள் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து அவசர அவசரமாகக் குளிப்பாள். இப்போது அந்த இடத்தில் செங்கல் சுவரும் தகரக் கதவுமாக ஒரு குளியலறை. உள்ளே தாழ்ப்பாள். சுவரில் ஒரு கண்ணாடி. நான் அந்தக் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டு ஆண்கள் மட்டும். வெளியே வந்து மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர், "சாப்புட்டு போலாமா, வந்து சாப்புடலாமா?" என்றார். வந்து சாப்பிடலாம் என்றேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருமே அக்காவைத் தெரிந்தவர்கள். மாமா கதவுவரை வந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். எட்டிப்பார்க்க வந்த ஆண்களிடம், "உள்ள பொம்பளைங்க பேசிக்கினு இருக்காங்க. போங்கப்பா" என்று அவர் சொல்வது கேட்டது. ஊரில் யாரிடமும் அதிகம் பேசாதவர் அவர்.

கம்ப்யூட்டர், வரைபடம் எதையும் நான் பேசவில்லை. அக்காவுக்கு எங்கே இருந்தது என்று என் புடவைமேல் கை வைத்துக் காட்டினேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளோடு புல் அறுக்கப் போகிற ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்து அறுத்தோம்" என்றாள்.

எல்லோரும் கலைந்த பிறகு வயதான ஓர் அம்மாள் மட்டும் தயங்கி நின்றார். என்னை மூலைக்குக் கூட்டிப்போய் இடுப்பைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். வெறும் வேனல் கட்டி. "இது ஒண்ணும் இல்லம்மா, கட்டிதான்" என்றேன். "அப்பாடா" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கவே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய், "இன்னாமா, கட்டிதான்னியே?" என்றார்.

மாமா சமைத்து வைத்திருந்தார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். களி கட்டி தட்டியிருந்தது. மாமாவும் அவர் அப்பாவும் நானும் சாப்பிட்டோம். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவர் கூட வந்தார். "மாட்ட வித்துட்டேம்மா. என்ன கிட்டவே சேக்கல" என்றார். பிறகு, "அவ இருந்திருந்தா இந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி உக்காந்துக்கினு உன்ன கிண்டல் பண்ணியிருப்பா" என்றார். "ஆமா மாமா" என்றேன். பேருந்து வந்தது.

அந்த மழைக்காலத்தில் அவர்கள் ஊரில் சிலருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. எல்லோரும் சீக்கிரமே போய் மாத்திரை வாங்கிப் பிழைத்தார்கள். அதில் இருவர் பெண்கள், இருவருமே நர்சிடம் தாங்களாகவே புண்ணைக் காட்டினார்கள். மாமா அதற்குக் காரணமா, நானா, மாற்றி எழுதிய அறிவிப்பா, இல்லை அந்த ஆண்டுக் காய்ச்சலே கொஞ்சம் லேசாக இருந்ததா, தெரியாது. கண்டாச்சிபுரம் பக்கத்தில், நாங்கள் மஞ்சள் காட்டியிருந்த ஓர் ஊரில் ஒருவர் இறந்துபோனார். அவருடைய பதிவையும் நான்தான் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அக்கா ஊரில் இந்த முறை யாரும் சாகவில்லை என்று சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நல்லா இருக்கட்டும்" என்றாள். "எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.